துரைக்குச் சேராத ஆயில்

ஆகஸ்ட் 11, திங்கள்

புது வருசத்துக்கு மகள் மேகலா வாங்கிக் கொடுத்த டைரி இது. "எழுதுனா மனசு லேசாகும்மா" என்றாள். என் மனசு கனமாக இருப்பதாக உனக்கு யார் சொன்னது என்று கேட்டுவிட்டு அலமாரியில் போட்டுவிட்டேன். இன்றைக்குத்தான் எடுத்திருக்கிறேன். கிளை அஞ்சலகத்தில் இருந்த காலம் முழுக்கத் தினமும் காலையில் தேதி முத்திரையைத் திருப்பி வைத்தவள் நான். மேலே தேதி இருந்தால்தான் எனக்குக் கீழே எழுத வரும்.

என் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் மூன்று அடைப்பு. ஈரோட்டு டாக்டர் படத்தைக் காட்டி, இங்கே, இங்கே, இங்கே என்று பேனா முனையால் தொட்டார். "ஆபரேசன் பண்ணிரலாங்க. அடுத்த மாசத்தத் தாண்ட விடாதீங்க" என்றார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து பள்ளிபாளையம் பாலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வண்டி ஒருதடவ ஓடட்டும் அம்மிணி. அந்தச் சத்தத்தக் கேட்டுப்போட்டு அடுத்த நாளே வந்து படுத்துக்கறேன்."

"எந்த வண்டிங்க?"

"துரைதான்."

"துரை ஓடி அஞ்சு வருசமாச்சுங்களே."

"அதனாலதான் சொல்றேன்."

சரி என்றேன். முடியாது என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டார், இவரை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து எருமைக்குத் தீனி போட்டேன். களைப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

துரை என்பது ஆள் இல்லை, டிராக்டர். மேகலாவுக்குத் தெரியும். வேறு யாராவது படித்தால் குழம்பக் கூடாது என்று எழுதுகிறேன்.

இவர் அரசாங்கப் பணிமனையில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு, மூடிப்போன ஒரு பருத்திப் பண்ணையின் ஏலத்தில் இரண்டு பழைய டிராக்டர்களை எடுத்தார். கூட்டு, என் தங்கை ருக்குவின் வீட்டுக்காரர் அர்த்தநாரி. இரண்டும் சீமையில் செய்த வண்டிகள். டீசல் கிடையாது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்ட வேண்டும். ஸ்கூட்டருக்கு இருக்கிற மாதிரி ஸ்பார்க் பிளக் உண்டு, ஒன்றுக்குப் பதில் நாலு. துரை, துரைசாணி என்று பெயர் வைத்தார்கள். சகலைகள் இரண்டு பேரும் சோற்றை மறந்து கொட்டகையிலேயே கிடந்தார்கள். அந்த இரண்டு வருசம் நானும் ருக்குவும் நிம்மதியாக இருந்தோம்.

துரைசாணி செத்தது பாசத்தால். இவர் ஊரில் இல்லாத ஒரு நாள், சகலை அதற்குப் புது ஆயில் ஊற்றினார். கடையிலேயே உயர்ந்த ரகம், புதுக் காருக்கு ஊற்றுவது. அதில் எஞ்சினைக் கழுவிச் சுத்தம் செய்கிற மருந்து கலந்திருக்குமாம். புது எஞ்சினுக்கு அது நல்லது. அந்தக் காலத்துச் சாதா ஆயிலிலேயே ஓடிப் பழகிய எஞ்சினில், கசடு அடி வயிற்றில் படிந்து அப்படியே உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்த இடத்தில் இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. புது ஆயில் அத்தனை கசட்டையும் பெயர்த்துக் கிளப்பி, ஆயில் உறிஞ்சுகிற சல்லடையில் கொண்டுபோய் அடைத்துவிட்டது. உழவு ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி நின்றது.

"நல்ல ஆயில ஊத்தி கொன்னுபோட்டான்" என்று இவர். "நல்லது பண்ணதுக்கா இந்தப் பேச்சு" என்று சகலை. பேச்சு நின்றுபோனது. கடைசியில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். துரை எங்கள் கொட்டகையில் நிற்கும். அதன் நாலு பிளக்கும் ருக்கு வீட்டில் இருக்கும். இரண்டு வீடும் சேர்ந்து வந்தால் ஓட்டலாம், ஒருத்தர் மட்டும் தொடக் கூடாது. காட்டையும் கிணற்றையும் பிரிக்கிற ஊரில் இப்படியும் ஒரு பாகம் பிரித்தார்கள். அன்றிலிருந்து துரையும் ஓடவில்லை, இவர்களும் பேசவில்லை.

"அவன் ஊட்டுப் பிளக்கு நமக்கு வேண்டாம். புதுசு வாங்கிக்கலாம். ஆயிலும் வாங்கோணும்" என்றார் இன்றைக்கு. இவரை டாக்டர் வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆகவே வாங்கப் போகிறவள் நான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

திருச்செங்கோட்டில் மாதேஸ்வரனின் ஸ்பேர் கடை. வேலையில் இருந்தபோது அவனுக்கு வந்த பார்சல்களை நான் கொடுத்திருக்கிறேன்.

"என்னுங்க போஸ்ட்டம்மா, பிளக்கு வேணுங்களா? நீங்க என்ன, ரேசுக்குப் போறீங்களா?"

சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவன் எடுத்துக் கொடுத்த பிளக்கை வாங்கி வந்தேன். இவர் கையில் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "இது பைக் பிளக்கு. துரைக்கு மரை பெருசு. தொளைக்குள்ள தொப்புன்னு உழுந்துரும்" என்றார். மரை என்றால் திருகுப் புரி. எனக்கு அதுகூடத் தெரியாமல் போய்விட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாதேஸ்வரன் கோயமுத்தூரில் சொல்லிப் பெரிய மரை பிளக் வரவழைத்தான். வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வந்தேன். இவர் நுனியைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

பிளக்கில் சூடு தாங்கி நிற்கிற வகை ஒன்று, சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடுகிற வகை ஒன்று இருக்கிறதாம். மண்ணெண்ணெய் வண்டி புகை கக்கும். நுனி சூடாகவே இருந்தால்தான் கரி எரிந்து போகும். நான் வாங்கி வந்தது குளிர்ந்த வகை.

"ரெண்டு நிமிசத்துல கரி புடிச்சு நின்னுரும்" என்றார்.

"ரெண்டு நிமிசம் ஓடுனாப் போதாதுங்களா? சத்தம் கேக்கோணும்னுதான சொன்னீங்க."

"நிக்கறதுக்கு எதுக்கு ஓட்டறது."

ராத்திரிக்குத் தோசை. வழக்கமாக ஒன்றரையோடு கையைக் கழுவுகிறவர், மூன்று சாப்பிட்டார். தக்காளிச் சட்னி நன்றாக அமைந்துவிட்டது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

மேகலா போன் செய்தாள். ஓசூரிலிருந்து வரட்டுமா என்றாள். பையனுக்குப் பரீட்சை, வேண்டாம் என்றேன். "பயமா இருக்குதாம்மா?" என்றாள். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டி நிறைந்து வழிகிறது என்று சொல்லி வைத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

ஆயில் வாங்கினேன். முதலில் கொண்டுவந்ததை, துரைசாணிக்கு ஊற்றிய ரகம் என்று பார்த்தவுடனே தள்ளிவிட்டார். அது நியாயம். நானே டப்பாவைப் படித்திருக்க வேண்டும். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து, பழைய பம்புசெட்டுக்கு ஊற்றுகிற சாதா ஆயில், முப்பதாம் நம்பர், கழுவுகிற மருந்து கலக்காதது என்று கேட்டு வாங்கி வந்தேன். கைப்பிடி அறுந்த டப்பா. இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தேன்.

இவர் மூடியைத் திறந்து விரலால் தொட்டு, கட்டைவிரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். "கொழகொழன்னு இருக்குது. நாப்பதாட்ட இருக்குது" என்றார்.

"முப்பதுன்னு எழுதியிருக்குதுங்களே."

"எழுதுனா ஆச்சா?"

இன்றைக்கும் மூன்று தோசை.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆயிலை மாற்றித் தரச் சொல்லி மாதேஸ்வரனிடம் நின்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"போஸ்ட்டம்மா, உங்க ஊட்டுக்காரரு பணிமனைல இருந்தப்ப, பழைய வண்டி வச்சிருக்கறவங்களுக்கெல்லாம் இந்த ஆயிலத்தான் எழுதிக் குடுத்து எங்கடைக்கு அனுப்புவாருங்க. இதே டப்பா, இதே நம்பரு. இப்ப இது ஆகாதுங்கறாருன்னா, ஆயில்ல தப்பில்லீங்க."

"அப்புறம் எதுல தப்பு?"

"அத நானெப்படிங்க சொல்றது."

டப்பாவோடு வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் டீக்கடை பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்தேன். நான் டீ குடிப்பதில்லை. குடித்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இவர் ஆயில் சரியில்லை என்று சொல்லும் நாட்களில் நன்றாகச் சாப்பிடுகிறார். சாமான் ஏதாவது சரியாக அமைந்துவிடும் போலத் தெரிந்தால் நெஞ்சைத் தடவுகிறார். இதை நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம். கவனித்துவிட்டேன். மாத்திரை கொடுக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்ல வேண்டி வரும், பாவம். இந்த மனுசன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், ஒரு டப்பா ஆயிலுக்கே இவ்வளவு திணறுகிறார்.

ஆனால் விடுவதாக இல்லை. துரை ஓடிவிட்டால் இவர் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. அந்த ஒரு பிடிதான் எனக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

அதே ஆயிலை நேற்று வேறு கேனில் ஊற்றி, "புதுசா மாத்திக் குடுத்தாங்க" என்று நீட்டினேன். தொட்டார், தேய்த்தார், மோந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, இது ஆகும்" என்றார்.

பிறகு கட்டிலில் சாய்ந்துகொண்டு, "ஆனா பிளக்கு இல்லாம என்ன பண்றது. இப்பெல்லாம் அந்தச் சூட்டுப் பிளக்கு எங்கியும் கெடைக்காது. இருக்கறது அந்த நாலுதான். அவன் உசுரு போனாலும் குடுக்க மாட்டான்" என்றார். சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மரவள்ளிக்குக் களை எடுக்க ஆள் வந்தார்கள். நாள் முழுக்கக் காட்டில் நின்றேன். கால் வீங்கியிருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

ருக்கு வீட்டுக்குப் போனேன். ஐந்து வருசமாகக் கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டுப் பந்தியில் மட்டுமே பார்த்துக்கொள்கிறோம். வீட்டுக்காரர்கள் பேசாதபோது நாங்கள் மட்டும் எப்படிப் போய்வருவது என்று இருந்துவிட்டோம். பஸ்ஸில் போகும்போது, எப்படி ஆரம்பிப்பது, அழ வேண்டி வருமா, சகலை கத்தினால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ருக்கு அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள்.

"வாக்கா. மச்சானுக்கு எப்புடி இருக்குது?"

"ஆபரேசன் பண்ணோணுங்கறாங்க. துரை ஓடாம வரமாட்டங்கறாரு. பிளக்கு வேணும் ருக்கு."

மத்தை வைத்துவிட்டு எழுந்தாள். அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "துருப் புடிக்கக் கூடாதுன்னு அரிசிக்குள்ள போட்டுட்டாரு. வருசா வருசம் எடுத்துத் தொடச்சுத் தொடச்சு வைக்கறாரு. எனக்கு அரிசி அளக்கறப்பெல்லாம் கையில இடிக்குது. கொண்டுட்டுப் போ" என்றாள்.

அவ்வளவுதான். ஐந்து வருசச் சண்டை. பருப்பு அடிப்பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

சகலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். என் மடியைப் பார்த்தார், ருக்குவைப் பார்த்தார். "நங்கையா, ஆயில் என்ன ஊத்தறீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அதுதான். அதுதான் ஊத்தோணும். எனக்கு அப்பத் தெரியலீங்க" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஒரு டிராக்டருக்காக அழுகிற ஆம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன். சோறு போட்டார்கள், சாப்பிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

பொட்டலத்தை இவரிடம் கொடுத்தேன். பிரித்தார். நாலும் நாலு வெண்டைக்காய் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன.

"குடுத்துட்டானா?"

"ருக்கு குடுத்தா. அவருஞ் சந்தோசமாத்தான் இருந்தாரு. வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் வர்றாங்க. அன்னிக்கே ஸ்டார்ட் பண்ணிரலாம்."

நாலையும் திரும்பத் துணியில் சுற்றினார். "சரி" என்றார். ராத்திரி அரை இட்லி.

நான் ஜெயித்துவிட்டேன். சந்தோசமாக இருந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

போன வாரம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் மட்டும் ஈரோடு போனேன். டாக்டர் உட்காரச் சொன்னார்.

"இருதயம் பம்ப் பண்ற சக்தி எதிர்பார்த்தத விடக் கம்மியா இருக்குங்கம்மா. ஆபரேசன் பண்ணாம விட்டா எந்நேரமும் ஆபத்துதான். அதுல மாத்தமில்ல. ஆனா பண்ணும்போதே ஏதாவது ஆகறதுக்கும் வாய்ப்பு இருக்குது. மொதல்ல நெனச்சத விட எச்சா. கையெழுத்துப் போடறவங்க தெரிஞ்சுக்கோணும், அதனால சொல்றேன்."

"நாந்தானுங்க போடோணும்?"

"நீங்கதாங்க."

எத்தனை மணியார்டரில், எத்தனை பதிவுத் தபாலில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இது ஒன்று. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரியில் தண்ணீர் நன்றாகப் போகிறது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று இவர் கேட்டார். தேதி கேட்டதாகச் சொன்னேன்.

செப்டம்பர் 10, புதன்

இவர் காலையிலேயே என்னைக் கூப்பிட்டார். பிளக்குகளைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து வைக்கச் சொன்னார். கொட்டகையில் உட்கார்ந்து செய்தேன். பிளக்கின் நுனியில் நகம் மாதிரி ஒரு சின்னக் கம்பி வளைந்து நிற்கும். அதற்கும் நடுக்கம்பிக்கும் ஒரு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் பொறி பறக்கும், அது ஒட்டிக்கொண்டால் பொறி இல்லை, பொறி இல்லாவிட்டால் வண்டி இல்லை. இதெல்லாம் இந்த ஒரு மாதத்தில் இவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

சுத்தியலை எதற்கு எடுத்தேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. துடைத்து முடித்து நாலையும் துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

எருமை இன்றைக்குப் பால் குறைவாகக் கறந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

ருக்குவும் சகலையும் வந்தார்கள். பூ, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள். இவர் கொட்டகை வாசலில் நாற்காலியில் இருந்தார். சகலை கிட்டே போய் நின்றார். இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"முப்பதுதான ஊத்தறது?" என்றார் சகலை.

"முப்பதுதான்."

"எப்புடி இருக்கறீங்கண்ணா?"

"இருக்கறன்டா."

இதுதான் சமாதானம். பிறகு ஒரே பேச்சு. ஆயில் ஊற்றி, பேச்சு மும்முரத்தில் பிளக்கைச் சரியாகப் பார்க்காமலே மாட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, சகலை ஹேண்டில் போட்டுச் சுற்றினார். துரை இருமக்கூட இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். வேர்த்து ஊற்றியது.

"பெட்ரோல் பழசாட்ட இருக்குதுங்களா?" என்றார்.

"ஆயில் சேரலியோ என்னமோ" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி கிளம்பாததற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை என்பது இந்த ஒரு மாதத்தில் எனக்கே தெரியும். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. ஆயிலாத்தான் இருக்கும்" என்றார் மெதுவாக. "இன்னொரு நாள் பாத்துக்கலாம். வா அர்த்தநாரி, காப்பி குடிக்கலாம்."

தேங்காயை உடைக்காமல் திருப்பிக் கொடுப்பது நன்றாக இல்லை என்று ருக்கு அதைச் சட்னிக்கு உடைத்துவிட்டாள்.

செப்டம்பர் 13, சனி

காலையில் பால் ஊற்றிவிட்டு வந்தேன். கட்டிலில் இவர் இல்லை. கொட்டகையில் துரையின் பக்கத்தில் குத்துக்கல்லில் உட்கார்ந்திருந்தார். நாலு பிளக்கும் கழற்றி முன்னால் வைத்திருந்தது. ஸ்பேனரைத் திருப்ப இந்த உடம்பால் எப்படி முடிந்ததோ. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. திட்ட வாய் திறந்தேன்.

"நாலும் ஒட்டிக் கெடக்குது" என்றார்.

நான் பால் தூக்குப்போசியைக் கீழே வைத்தேன்.

"தானா ஒட்டாது. எப்பத் தட்டுன?"

"புதங்கெழம."

"டாக்டர் என்ன சொன்னாரு? நெசமாச் சொல்லு."

சொன்னேன். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன், எச்சா என்ற சொல்லையும். இவர் ஒரு பிளக்கை எடுத்து வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

"நான் என்னத்தச் சொல்லோணும்?"

"அந்தக் கைப்பிடி அறுந்த டப்பாவும் நல்ல ஆயில்தான்னு."

முதலில் முகம் மாறியது. பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

"கண்டுபுடிச்சிட்டியா?"

"உங்க தோசை காட்டிக் குடுத்துருச்சு."

"எனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சுட்டு இருந்தேன் அம்மிணி. நீ பாட்டுக்குத் தைரியமாப் பஸ்ஸேறிப் போற, வர்ற. உனக்கு முன்னால எப்புடிக் காட்டிக்கறதுன்னு இருந்தேன். ராவெல்லாம் முழிச்சுட்டுக் கெடப்பேன், நீ எந்திரிச்சுட்டாக் கண்ண மூடிக்குவேன்."

நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஒரே கட்டில் அளவு தூரத்தில் இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். இதைச் சொல்லியிருக்கலாம். "எருமைக்குத் தண்ணி காட்டோணும்" என்று எழுந்துவிட்டேன்.

"எரும சாகாது. உக்காரு. போஸ்ட் கார்டு ஏதாச்சும் இருக்குதா, ரெண்டு?"

பெட்டியில் கிடந்த பழைய கார்டுகளை எடுத்து வந்தேன். பேனாக் கத்தி முனையால் கம்பியை நெம்பி, இரண்டு கார்டை ஒன்றாக வைத்து இடைவெளியில் நுழைத்துப் பார்த்தார். இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், அதுதான் அளவாம். மூன்றாவது பிளக்கை என்னிடம் கொடுத்தார். நான் தட்டியதை நானே நெம்பினேன். நாலையும் இவர் கையால் திருகி நிறுத்த, நான் ஸ்பேனரில் இறுக்கினேன்.

"அர்த்தநாரிக்குப் போன் பண்றேனுங்க, வந்து சுத்தட்டும்."

"வேண்டாம். நீ சுத்து."

"நானா?"

"கட்டவெரல மடக்காத. நாலு வெரலோட சேத்து ஒரே பக்கமா வச்சுக்க. உதைச்சா வெரல் ஒடஞ்சுரும். கீழிருந்து மேல இழு, அமுக்காத."

இவர் மெல்ல ஏறி சீட்டில் உட்கார்ந்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்தேன். முதல் தடவை தோள் கழன்றுவிடும் போல இருந்தது. இரண்டாவது தடவை துரை ஒரு தும்மல் தும்மினான். நான் நின்றேன். இழுத்தால் கிளம்பிவிடும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. மேலே பார்த்தேன். இவர் ஸ்டீயரிங்கில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை.

இழுத்தேன்.

கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றியது. நீலமாகப் புகை வந்து, பிறகு தெளிந்தது. இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. சத்தத்தில் கேட்காது என்பதால் நன்றாகவே அழுதேன். பாழாய்ப்போன வண்டி நிற்காமல் ஓடியது, அத்தனை அழகாக ஓடியது, நாளைக்கு ஆகட்டும் என்று சொல்ல ஒரு சாக்குகூட அது மிச்சம் வைக்கவில்லை.

இவரே நிறுத்தினார். இறங்கக் கை நீட்டினார், பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. டாக்டர் இருக்க மாட்டாரு. திங்கக்கெழம போயிரலாம்" என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

சேர்த்துவிட்டோம். மேகலா வந்துவிட்டாள். எருமையை ருக்கு பார்த்துக்கொள்கிறாள். கையெழுத்துப் போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். பல்செட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். பல் இல்லாமல் பச்சைச் சட்டையில் வேறு யாரோ மாதிரி இருந்தார். மேகலா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதவு வரைக்கும் கூடவே நடந்தேன். அங்கே நர்ஸ், "இதுக்கு மேல வரக் கூடாதுங்கம்மா" என்றாள்.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பயமா இருக்குதா அம்மிணி?"

மேகலா கேட்டபோது தண்ணீர் மோட்டாரைச் சொன்னேன், கொட்டகையில் இவரிடம் எருமையைச் சொன்னேன். இங்கே சொல்ல ஒன்றும் இல்லை.

"இருக்குதுங்க. ரொம்ப இருக்குது."

"அப்பச் சரி" என்றார். பிடித்திருந்த கையை விட்டார். நர்ஸிடம், "போலாங்கம்மா" என்றார்.